ஒன்பது வாசலும் மூன்று கடிதங்களும்

அந்தக் கதையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதிய அம்மாவின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் எழுத மாட்டேன். இனி எங்கேயும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படித்தவர்களுக்கு இரண்டு வரியில் தெரிந்துவிடும். தெரிந்தால் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஐந்து பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். ஒன்பது வாசல் கொண்ட ஒரு மாய மலைநாடு. அதற்குள் ஒரு வழிப்போக்கன் நுழைகிறான். பாறை பேசும், ஆந்தை மனிதர்களின் நிழலைத் தின்னும், ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலாள் நின்று கேள்வி கேட்பான். மற்ற மாயக் கதைகளில் வருகிற மாதிரி இந்த ஆள் பறக்க மாட்டான், குதிரை ஏற மாட்டான். ஐந்து பாகமும் நடந்துகொண்டே இருப்பான். என் தம்பிக்கு அந்தக் கதை பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

தம்பி மிளகு பறிக்கப் போய் விழுந்தவன். எங்கள் மலையில் மிளகுக்கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவோம். ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்துக் கட்டி, கணுவில் கால் வைத்து ஏறிப் பறிக்க வேண்டும். மழை விட்ட மறுநாள், மூங்கில் வழுக்கும், வேண்டாமென்று அம்மா சொல்லியும் ஏறினான். விழுந்தபோது அவனுக்கு இருபத்து நான்கு வயது. இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்வு இல்லை. யாரோ புண்ணியவான்கள் சக்கர நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். எங்கள் மலையின் குண்டூர் நாட்டில், எங்கள் ஊட்டு வாசலைத் தாண்டினால் இறக்கம், பாறை, ஒற்றையடிப் பாதை. அந்த நாற்காலியில் இப்போது துவைத்த துணி காய்கிறது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். வாசலூர்பட்டி போகிற ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆதார் திருத்தம், சாதிச் சான்று, பட்டா நகல், ஏரியில் படகு விட வந்த சுற்றுலாக்காரர்களுக்கு போட்டோ பிரிண்ட். கடை ஓய்ந்த நேரத்தில் அந்த ஐந்து பாகத்தையும் நானே முதலில் படித்தேன், பிறகு தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது தடவை அவன் அதைப் படித்து முடித்த அன்று, புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, இந்த ஆளு நடக்கறத நானு பாத்துட்டே இருக்கறேன். நானே நடக்கற மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா?"

அப்படித் தொடங்கியதுதான் அந்த கேம். இலவசமாகக் கிடைத்த மென்பொருளை வைத்து, வீடியோ பார்த்து, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டு செய்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. கோபம் வந்தால் கீபோர்டைத் தட்டுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை நான்கு வருஷம் ஒரே வேலையில் உட்கார வைத்தவன் தம்பி.

ஒன்பது வாசலும் காவலாட்களும் கதையில் இருந்து வந்தார்கள். ஆனால் வாசலுக்கும் வாசலுக்கும் இடையில் வழி எப்படிப் போகிறது என்று அந்த அம்மா எழுதவில்லை. அதைத் தம்பி சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். "இங்க இடப்பக்கம் ஒரு பலாமரம். அதத் தாண்டி எட்டு எட்டு வெச்சா ஈரப்பாறை. அங்க குனிஞ்சுதான் போவணும்." முதல் வாசலில் இருந்து இரண்டாம் வாசல் வரைக்கும் உள்ளது எங்கள் ஊட்டில் இருந்து ஊற்றுக்குப் போகிற பாதை என்பது பாதி செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்பதாம் வாசலுக்கு முந்தின வழி மிளகுத் தோட்டம். அவன் விழுந்த மரத்தையும் வைக்கச் சொன்னான், வைத்தேன். கேமில் அந்த மரத்தில் யாரும் ஏற முடியாது, அடியில் நின்றுவிட்டுப் போகலாம்.

கேம் பாதி வளர்ந்தபோதே தம்பிக்கு ஒரு உறுத்தல். "அடுத்தவங்க கதைல நடக்கறோம். கேக்க வேண்டாமா?"

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவருடைய விளைச்சல் காட்டுக்குள் புகுந்து நடக்க வேண்டியிருந்தால், வரப்பில் நின்று குரல் கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தடவை. காட்டுக்காரர் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். மூன்று தடவைக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் வழி நம்முடையது, பிறகு வேலி கட்டக்கூடாது. வாய் திறந்து சரி என்று சொல்வதை எங்கள் ஆட்கள் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்களோ என்னவோ. ஒரே ஒரு நிபந்தனை: கேட்டது காட்டுக்காரர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆள் இல்லாத காட்டில் நின்று கத்தினால் அது கணக்கில் வராது.

அந்த வழக்கத்தை நம்பித்தான் பதிப்பக முகவரிக்கு, ஆசிரியரின் பெயர் போட்டுக் கடிதம் எழுதினோம். முதல் இரண்டையும் நான் எழுதினேன். ஐயா அம்மா என்று குழைந்து, காசுக்கு விற்க மாட்டோம் என்று உறுதி சொல்லி, ஒவ்வொன்றுடனும் ஒரு சிறு பொட்டலம் மிளகும் வைத்து அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதைத் தம்பி தானே எழுதி, தானே ஒட்டிக் கொடுத்தான். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "கேக்க வேண்டியதக் கேட்டிருக்கறேன்" என்றான்.

மூன்றாவது திரும்பி வந்தது. பதிப்பகம் இடம் மாறிவிட்டது என்று உறைமேல் எழுதி, தபால்காரர் அதைக் கடையிலேயே என் கையில் கொடுத்தார். அன்றைக்கு கேம் முடிந்திருந்தது. தம்பி காலையில் இருந்து நான்கு தடவை போன் செய்து, இன்றைக்கு வெளியிடலாமா என்று கேட்டிருந்தான். புது முகவரி தேடுவது பெரிய வேலை இல்லை. கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், அரை நிமிஷ வேலை. தேடவில்லை. இன்னொரு தடவை அனுப்பி, இன்னும் மூன்று மாதம் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. உறையைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஊட்டில் மிளகு மூட்டைக்கு அடியில் செருகினேன்.

"மூணாவதும் போயிருச்சாக்கா?" என்று தம்பி கேட்டான்.

"போயிருச்சு."

"பதிலு?"

"ஒண்ணும் வல்ல கண்ணு."

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்ப வழி நம்முளுது" என்றான். கேமின் முதல் திரையில் ஒரு வரி போடச் சொன்னான். நானே தட்டச்சு செய்தேன்: 'ஆசிரியரின் சம்மதத்துடன்.'

வெளியிட்ட சில மாதங்களில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். சென்னையில் இருந்து, மலேசியாவில் இருந்து, துபாயின் கட்டட வேலைத்தளங்களில் இருந்து. கேமோடு சேர்த்து அவர்கள் பேசிக்கொள்ள ஒரு பக்கம் இருந்தது. அதில் தம்பிதான் வழிகாட்டி. நான்காம் வாசலில் மாட்டிக்கொண்டேன், ஈரப்பாறையில் விழுந்துகொண்டே இருக்கிறேன் என்று யாராவது எழுதினால், இவன் கட்டிலில் படுத்தபடி வயிற்றின் மேல் பலகை வைத்து, லேப்டாப்பில் உள்ளே போய் அவர்களுக்கு முன்னால் நடந்து காட்டுவான். "அண்ணே, நீங்க மலையில பொறந்தவரா? கால் வெக்கிற எடம் எப்படித் தெரியுது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை எனக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினான். அவன் படுத்திருப்பவன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எட்டு மாதம் என் தம்பி வெளியூர் போய் வந்துகொண்டிருந்தான், அப்படித்தான் நான் அதை நினைத்தேன்.

ஆசிரியர், பதிப்பகம் இருவர் சார்பிலும் வக்கீல் நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்தது. கடையில் ஒரு பெரியவருக்கு ஓய்வூதிய மனு அடித்துக்கொண்டிருந்தேன். கதை, பாத்திரங்கள், பெயர்கள், வசனங்கள் எல்லாவற்றுக்கும் உரிமை எங்களுடையது, ஆசிரியர் சம்மதித்ததாகப் பொய்யாக விளம்பரம் செய்திருக்கிறீர்கள், ஏழு நாளில் நீக்கி எல்லாப் பிரதிகளையும் அழித்து உறுதிமொழி தர வேண்டும், இல்லையென்றால் வழக்கு. பொய்யாக என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பெரியவர் மனுவில் அவர் பிறந்த தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்துக்குப் போனேன். எங்கள் மிளகை வருஷா வருஷம் வாங்குகிற பாயின் மகள் அங்கே வக்கீல். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள்.

"நாங்க காசுக்கு விக்கலீங்க மேடம்" என்றேன்.

"விக்காட்டியும் தப்புதாங்க. கதை அவங்களுது. இலவசமா குடுக்கறதுக்கும் அவங்கதான் சொல்லணும்."

"மூணு தடவ கேட்டோமுங்க. வேண்டாம்னு சொல்லல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க ஊர் வழக்கம் எங்க வாப்பா சொல்லிக் கேட்டிருக்கறேன். கோர்ட்டுல பேசாம இருந்தா சம்மதம் ஆகாதுங்க. எழுத்துல வேணும்." பிறகு நோட்டீஸில் ஒரு இடத்தைத் தொட்டாள். "ரசிகருங்க பண்ற கேமை நெறைய பேரு கண்டும் காணாம விட்டுருவாங்க. சம்மதத்துடன்னு போட்டீங்க பாருங்க, அதுக்கப்புறம் அவங்களால சும்மா இருக்க முடியாது. கடிதம் அனுப்பின ரசீது இருக்குதுங்களா?"

"ரெண்டுக்கு இருக்குது."

"மூணாவது?"

நான் டீயைக் குடித்தேன். சூடு நாக்கில் பட்டது.

தம்பியின் நிலைமையை எழுதி, ஊட்டில் ஒரே ஒரு பிரதி வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம் என்றாள். மனிதர்கள்தானே, இரங்குவார்கள் என்றாள். எனக்கு உயிர் வந்தது. பஸ் ஏறி வளைவு வளைவாக மேலே வரும்போது, அதை எப்படி எழுத வேண்டுமென்று மனதுக்குள் அடித்து அடித்துத் திருத்தினேன்.

தம்பி ஒரே வார்த்தையில் முடித்தான். "வேண்டாம்."

"ஏண்டா? உன்னப் பத்திச் சொன்னா—"

"சொல்ல வேண்டாம். அவங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கறாங்க." கட்டிலைப் பிடித்து உலுக்கினேன், கத்தினேன். கிறுக்கு, வீம்பு, உனக்காக நான்கு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னேன். அவன் சொன்னது என்னவென்று யோசிக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துவிடும்.

அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வக்கீல் ஒரு பிரதிக்கு மட்டும் கேட்டாள். எந்தப் பிரதியும் வைத்திருக்கக்கூடாது, விதிவிலக்கு கிடையாது என்று பதில் வந்தது. கதையை எடுத்துவிட்டு வழியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று நானே ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்தேன். காவலாட்களை எடுத்தேன், பாறையின் பேச்சை எடுத்தேன், வாசல்களை எடுத்தேன். கடைசியில் நடக்கிற ஆளையும் எடுக்க வேண்டியிருந்தது, அவனும் அவர்களுடையவன்தானே. தம்பியிடம் காட்டினேன். ஆள் இல்லாத பாதை மட்டும் திரையில் நின்றது.

"உன்னையே வரைஞ்சு வெச்சர்றேன் சாமி. நீயே நட" என்றேன்.

"நானு நடக்கற மாதிரியா?" என்றான். "சம்மதம்னு ஒரு பொய்யி போட்டதே போதும்."

அவன் சொன்னது நோட்டீஸில் வக்கீல்கள் பொய் என்று எழுதியிருந்ததை. என்னுடையது அவனுக்குத் தெரியாது. மிளகு மூட்டை அவன் கட்டிலில் இருந்து கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஏழாம் நாள் காலையில், முழுதாக ஒரு தடவை நடந்துவிட்டுத் தருகிறேன் என்றான். வெளியே மழை. அம்மா குச்சிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. முதல் வாசலில் இருந்து தொடங்கினான். ஓடவில்லை. ஊற்று, பலாமரம், ஈரப்பாறை. வழியில் ஆட்கள் கும்பிட்டார்கள், எங்கே அண்ணா போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஊருக்குப் போகிறேன் என்று எழுதினான். உச்சிக்குக் கொஞ்சம் பிந்தி ஒன்பதாம் வாசலை நெருங்கினான். தன் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாசலைக் கடந்தான். பிறகு பலகையோடு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

அழிக்க எத்தனை நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நான்கு வருஷம் இரண்டு நிமிஷத்தில் போனது. நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கக் கம்ப்யூட்டராவது இருந்ததே என்று தோன்றியது.

அன்று சுவர்ப்பக்கம் திரும்பியவன் திரும்பியவன்தான். ஆறு நாள். ஒரு நாளைக்குக் கஞ்சி இரண்டு வாய், தண்ணீர் நான்கு வாய். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிவிட வேண்டும். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புரள மறுத்தான். ஐந்தாம் நாள் இடுப்பில் தோல் சிவந்துவிட்டது. "கதைதானே சாமி, வேற கதை வாங்கியாரச் சொல்றேன்" என்று அம்மா கெஞ்சினாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. இவன் சாகத்தான் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. விழுந்த வருஷத்தில் ஒரு தடவை இப்படித்தான் கிடந்தான், அப்போது அந்தக் கதையின் முதல் பாகத்தைக் கொடுத்துத்தான் அவனைத் திருப்பினேன். இந்தத் தடவை கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள் அம்மா காட்டுக்குப் போன பிறகு மிளகு மூட்டையை நகர்த்தி உறையை எடுத்தேன். நல்லவள் ஆகிவிட வேண்டுமென்று எடுக்கவில்லை. என்மேல் கோபப்பட்டாவது அவன் திரும்பட்டும் என்று எடுத்தேன். கட்டில் ஓரத்தில் போட்டேன்.

"மூணாவது போவவே இல்லடா. திரும்பி வந்துருச்சு. ஒளிச்சு வெச்சேன். உங்கிட்டப் பொய்யி சொன்னேன். அந்த வரியப் போட்டதும் நாந்தேன். எல்லாம் என்னாலதேன்."

சுவரைப் பார்த்தபடி கிடந்தவனின் கை மட்டும் பின்னால் வந்து உறையைத் தடவிப் பார்த்தது. ஒட்டின இடத்தை விரலால் நெருடியது.

"பிரிக்கவே இல்லியா?"

"இல்ல."

ஆறு நாளில் முதல் தடவையாகத் தலையைத் திருப்பினான். கண் குழிந்துபோய்க் கிடந்தது. அடிப்பான், இல்லை துப்புவான் என்று நினைத்தேன். "படி" என்றான்.

பிரித்தேன். மிளகு கொட்டியது. ஐந்தாறு வரிதான் எழுதியிருந்தான், பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து.

'அம்மா, வணக்கம். நான் மரத்தில் இருந்து விழுந்து ஆறு வருடமாகப் படுத்திருக்கிறேன். இதை எங்கள் ஊருக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் ஆள் நடக்கும்போது நான் நடக்கிறேன். உங்கள் நாட்டுக்குள் நடந்துகொள்ளலாமா? வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நின்றுகொள்கிறேன்.'

அவங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதைப் படித்த பிறகும் அந்த அம்மா நோட்டீஸ் அனுப்பினார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறான். நடக்காதே என்று, தெரிந்தே, அவனிடம் சொல்லிவிட்டார் என்று. அவன் நின்றுகொண்டான், அவ்வளவுதான். அவனை அப்படி நிற்க வைத்தது நான். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

"அக்கா" என்றான். "அப்ப அவங்க இதப் படிக்கவே இல்லியா?"

"இல்ல சாமி."

"நெசமா?"

"உம்மேல ஆணையா."

கூரையைப் பார்த்தபடி விரலை மடக்கினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது.

"அப்ப ரெண்டு தடவதான் கேட்டிருக்கோம்" என்றான். "இன்னும் ஒருக்கா இருக்குது."

வக்கீலுக்குப் போன் செய்தேன். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதை யாரும் தடுக்க முடியாது, ஆனால் எழுத்தில் பதில் வரும்வரை ஒரு வாசலைக்கூடத் திரும்பச் செய்யக்கூடாது என்றாள். செய்வதற்கு என்ன இருக்கிறது, எல்லாம்தான் அழிந்துவிட்டதே. புது முகவரியைத் தேடினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதே கடிதத்தைப் புது உறையில் போட்டேன். பழைய மிளகு வேண்டாம், இந்த வருஷத்துக் கொடியில் பறித்தது வை என்றான் தம்பி.

அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. சாயந்தரம் கடையில் இருந்து வந்தால் என் கையைத்தான் முதலில் பார்ப்பான். ஒன்றும் இல்லை என்றால், தானே சட்டத்தைப் பிடித்து என் பக்கமாகப் புரண்டு படுப்பான். மூன்றாவது தடவைக்கும் பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று என்னிடம் இன்னும் கேட்கவில்லை.